25 வருஷம் தூங்கின போலீஸ்காரரைத் தேடி... அகிஹபாரா!

டோக்கியோ போயிட்டு வந்த யாரைக் கேட்டாலும் ஷிபுயா கிராஸிங், டோக்கியோ டவர், சகுரா மரம்னு ஒரு லிஸ்ட் கொடுப்பாங்க. எல்லாம் பாருங்க, தப்பே இல்லை. ஆனா, நீங்க என்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டா இருந்து, பர்ஸ்ல கொஞ்சம் யென் மிச்சமும் இருந்தா, ஒரு சாயங்காலத்தை மட்டும் அகிஹபாராவுக்கு எழுதி வெச்சுடுங்க. அங்கே போய் ஒரு சின்னப் பெட்டியைத் தேடணும். அதுக்குள்ள இருக்கிற கதையில ஒரு வரியைக்கூட நம்மால படிக்க முடியாது. அட, அப்புறம் எதுக்குத் தேடணும்னு கேக்கறீங்களா? வாங்க, நடந்துக்கிட்டே பேசுவோம்.

நெருப்புச் சாமியின் வெளி

யமனோதே லைன்ல பச்சைக் கோடு போட்ட ரயில் வரும். ஏறி, அகிஹபாராவுல இறங்குங்க. ஸ்டேஷன்ல வாசல் நிறைய. 'எலெக்ட்ரிக் டவுன்'னு போர்டு போட்டிருக்கிற வாசல்தான் நமக்கு.

பேருக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1869-ல இந்தப் பகுதியில பெரிய தீ விபத்து. எரிஞ்ச இடத்தை, அடுத்த தீ தாண்டி வராம இருக்கறதுக்காக வெட்டவெளியாவே விட்டு, 1870-ல ஒரு கோயிலைக் கட்டினாங்க. ஜனங்க அதை நெருப்பிலிருந்து காப்பாத்தற அகிபா சாமி கோயில்னே நினைச்சாங்க. அகிபா சாமியோட வெளி, 'அகிஹபாரா' ஆயிடுச்சு. 1890-ல சரக்கு ரயில் நிலையம் வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் தெருவோரத்துல ரேடியோ உதிரி பாகம் விக்கிற கடைகள் முளைச்சுது. 1949-ல தெருக்கடைகளை அகற்றச் சொல்லி உத்தரவு வர, வியாபாரிகள் ரயில் பாலத்துக்கு அடியில குடி போனாங்க. 'ரேடியோ சென்டர்'ங்கிற அந்தச் சந்துக்குள்ள இன்னிக்கும் நுழையலாம். கையை விரிச்சா ரெண்டு பக்கமும் இடிக்கிற கடைகள். ரெசிஸ்டர், கனெக்டர், எல்.இ.டி-னு டப்பா டப்பாவா அடுக்கி வெச்சு, நடுவுல ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். நம்ம லேப் அசிஸ்டென்ட் பார்த்தா அங்கேயே செட்டில் ஆயிடுவார்!

வாசல்லயே நிக்குது 'ரேடியோ கைகான்' கட்டடம். பழைய கட்டடத்தை இடிச்சு, 2014-ல புதுசாத் திறந்தது. இப்போ உள்ளே பொம்மையும் கார்டும்தான் ஆட்சி. ஆனா, 1976-ல பழைய கட்டடத்தோட ஏழாவது மாடியில என்.ஈ.சி. கம்பெனி 'பிட்-இன்'னு ஒரு இடம் திறந்துச்சு. 'டி.கே-80'ங்கிற கம்ப்யூட்டர் கிட்டை வாங்கினவங்க அங்கே வந்து சந்தேகம் கேட்டுப் பழகினாங்க. ஜப்பானோட பெர்சனல் கம்ப்யூட்டர் பைத்தியம் ஆரம்பிச்ச இடங்கள்ல அது ஒண்ணு. அதே என்.ஈ.சி.யோட பி.சி-9800 வரிசைதான் 1982-லிருந்து ஜப்பான் முழுக்க மேஜையைப் பிடிச்சுது. நாம தேடற கேம் முதன்முதலா 1994 ஜூலையில வெளிவந்ததும் அந்த வரிசையில வந்த பி.சி-9821-லதான்.

யாருங்க அந்தப் போலீஸ்காரர்?

கேமோட பேரு 'போலீஸ்நாட்ஸ்'. போலீஸும் ஆஸ்ட்ரோநாட்டும் சேர்ந்தா போலீஸ்நாட்! எடுத்தவர் ஹிடியோ கோஜிமா. 1998-ல 'மெட்டல் கியர் சாலிட்' கொடுத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வெச்சாரே, அவரேதான். கொனாமி கம்பெனி வெளியீடு. 1995-ல 3டி.ஓ., 1996 ஜனவரியில பிளேஸ்டேஷன், அதே செப்டம்பர்ல செகா சாட்டர்ன்னு நாலு மெஷினுக்கு வந்தது. நாலுமே ஜப்பானிய மொழியில மட்டும்.

ஓடறது, குதிக்கறது கிடையாது. விஷுவல் நாவல் குடும்பத்துல வர்ற கேம். திரையில ஒரு படம், கீழே வசனம். எதைப் பார்க்கணும், யார்கிட்ட என்ன கேக்கணும்னு நீங்க தேர்ந்தெடுக்கணும். நடுநடுவுல துப்பாக்கிச் சண்டை, ஒரு வெடிகுண்டைச் செயலிழக்க வைக்கிற இடம்னு கை நடுங்க வைப்பாங்க.

கதை இதுதான். 2010-ல மனிதன் விண்வெளியில 'பியாண்ட் கோஸ்ட்'னு ஒரு ஊரே கட்டிட்டான். அங்கே காவலுக்கு அஞ்சு போலீஸ்காரங்க. அதுல ஒருத்தர் ஜொனாதன் இன்கிராம். 2013-ல ஒரு புது விண்வெளி உடையைச் சோதிக்கும்போது விபத்து. ஆள் இருட்டுக்குள்ள மிதந்து போயிடறார். உடையோட உறைநிலைத் தூக்கத்துல 25 வருஷம்! கண்டுபிடிச்சு எழுப்பறப்ப அவருக்கு வயசு ஏறலை. பூமியில மனைவிக்கு வேற கல்யாணம் ஆயிடுச்சு. கூட வேலை பார்த்தவங்க எல்லாம் நரைச்சுட்டாங்க. 2040-ல, லாஸ் ஏஞ்சலீஸ்ல துப்பறிவாளரா காலம் தள்ளிக்கிட்டிருக்கிற அவரைத் தேடி அந்த முன்னாள் மனைவியே வர்றாங்க. புதுக் கணவரைக் காணோம், கண்டுபிடிச்சுக் கொடுங்கன்னு. மீதியைச் சொன்னா அடிக்க வருவீங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன். விண்வெளி மனித உடம்புக்கு ஒத்துக்குமாங்கிறதுதான் கதையோட அடிமடி. மருந்து, உறுப்பு மாற்றுன்னு அது போற இடங்கள், மூளைச்சாவு பத்தி ஜப்பான் சூடா வாதாடிக்கிட்டிருந்த காலத்துல எழுதினது. அங்கே உறுப்பு மாற்றுச் சட்டம் வந்ததே 1997-லதான்.

விண்வெளி ஊர்ங்கிறதும் சும்மா விட்ட ரீல் இல்லீங்க. 1970-கள்ல ஜெரார்டு ஓ'நீல்ங்கிற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் கணக்குப் போட்டே காட்டின கனவு. அவரோட பெரிய டிசைன், 6.4 கிலோமீட்டர் விட்டமும் 32 கிலோமீட்டர் நீளமும் உள்ள சுழலும் உருளை. ஆரம் 3,200 மீட்டர், முடுக்கம் 9.8-னு ஃபர்ஸ்ட் இயர் ஃபார்முலாவுல போட்டுப் பாருங்க. ஒரு சுத்துக்கு 114 செகண்ட் வரும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சுத்தினா உள்சுவர்ல நிக்கறவங்களுக்குப் பூமி மாதிரியே எடை. செம இல்ல?

அலமாரியில நம்ம அகர வரிசை

சூவோ டோரிங்கிற பெரிய ரோட்டுல கொஞ்ச தூரம் நடந்து, பின்பக்கச் சந்துல திரும்பினா, 'சூப்பர் பொட்டேட்டோ'. பேரு உருளைக்கிழங்குதான், விக்கறது பழைய கேம். மூணாவது மாடியில ஆரம்பிக்குது. அஞ்சாவது மாடியில 100 யென் காசு போட்டு ஆடற பழைய ஆர்கேட் மெஷின்கள் வேற. அக்கம்பக்கத்துல இன்னும் சில பழைய கேம் கடைகள் இருக்கு. எங்க காலேஜ்ல இருந்து மாணவர் பரிமாற்றத்துல டோக்கியோ போனப்ப எனக்குக் கிடைச்ச ஒரே ஒரு ஃப்ரீ சாயங்காலத்தை இந்தப் படிக்கட்டுகள்லதான் செலவு பண்ணேன்.

உள்ளே போனதும் தலை சுத்தும். தரையிலிருந்து கூரை வரை சி.டி. பெட்டிகள். முதுகுல எல்லாம் ஜப்பானிய எழுத்து. எப்படித் தேடறது? இங்கேதான் நமக்கு ஒரு லக்கி ப்ரைஸ். ஜப்பானிய எழுத்து வரிசையைச் சொல்லிப் பாருங்க. உயிர் எழுத்து அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? பௌத்தத் துறவிகள் சம்ஸ்கிருத எழுத்தை ஆராய்ந்தப்ப, இந்திய எழுத்து வரிசை அங்கே போய்ச் சேர்ந்து, இப்படி நின்னுடுச்சு. அவங்க 'ஹ' ஒரு காலத்துல 'ப' மாதிரி ஒலிச்ச எழுத்து. அதனால அது நிக்கற இடமும் நம்ம 'ப' நிக்கற இடம்தான். ந-வுக்கு அப்புறம், ம-வுக்கு முன்னாடி!

ஜப்பானியர் வாயில போலீஸ்நாட்ஸ், 'பொரிசுநோட்சு'. 'ல' அவங்களுக்குக் கிடையாது. 'பொ'ங்கறது அந்த வரிசையோட கடைசி. ஆக, ம-வரிசை ஆரம்பிக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு, ரெண்டு ஜாண் பின்னாடி வாங்க. ஆறே எழுத்துல பேரு. சிக்கிடும். ஒண்ணாங்கிளாஸ்ல சிலேட்டுல எழுதின வரிசையை வெச்சு டோக்கியோவுல ஒரு கேமைக் கண்டுபிடிக்கிறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே... அது தனி!

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

பெட்டியோட முதுகுல சுத்தியிருக்கிற காகிதப் பட்டைக்கு 'ஒபி'னு பேரு. கிமோனோ இடுப்புல கட்டற பட்டையோட பேரும் அதேதான். இது இருந்தா விலை ஏறும், இல்லைன்னா இறங்கும். நமக்கு எதுக்கு? விட்டுடுங்க. 'ஜன்க்'னு எழுதின கூடையில இருக்கறது, சோதிக்காம அப்படியே விக்கிற சரக்கு. திருப்பிக் கொடுக்க முடியாது. சாட்டர்ன்ல இந்த கேம் 3 சி.டி., பிளேஸ்டேஷன்ல 2. எண்ணிப் பார்த்து வாங்குங்க.

மெஷினும் சேர்த்து வாங்கறவங்க கவனிங்க. ஜப்பான்ல 100 வோல்ட். இங்கே 230. ரெசிஸ்டிவ் லோடுனு வெச்சுக் கணக்குப் போட்டா, அஞ்சு மடங்குக்கு மேல பவர் பாயும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம பிளக்கைச் சொருகினா, டப்புனு ஒரு சத்தம். அதோட கதை முடிஞ்சுது!

இன்னொரு விஷயம். சாட்டர்ன் தன்னோட சேவ் ஃபைல்களை, சி.ஆர். 2032-ங்கிற பட்டன் பேட்டரியோட தயவுலதான் ஞாபகம் வெச்சிருக்கு. பேட்டரி செத்தா, பாதிக் கதை வரை நீங்க போன வழி எல்லாம் அழிஞ்சுடும். சி.டி.க்கு வயசாகுது. அதைப் படிக்கிற லென்ஸுக்கும் வயசாகுது. 25 வருஷம் தூங்கி எழுந்த மனுஷனோட கதை, அதைவிட அதிக காலமா அலமாரியில தூங்குது. எழுப்பறதுக்கு மெஷின் மிச்சம் இருக்கணும். படிக்கறதுக்கு ஆள் வேணும்.

படிக்க முடியாததை ஏன் வாங்கினேன்?

என்கிட்ட இருந்த காசுக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும். தங்கச்சி கேட்ட ஹெட்போனா, இதுவா? கூட வந்த பசங்க, 'உன்கிட்ட மெஷினே இல்லை, பாஷையும் தெரியாது, டீ கிளாஸ் வைக்கவாடா வாங்கறே?'னு ஓட்டினாங்க. ஒபி இல்லாத, முனை மடங்கின பிளேஸ்டேஷன் பிரதியைத்தான் கையில வெச்சிருந்தேன். கீழே வைக்க மனசு வரலை. வாங்கிட்டேன். தங்கச்சி ரெண்டு வாரம் பேசலை!

காரணம் சொல்றேன். சாட்டர்ன்ல இதுக்கு இங்கிலீஷ் பதிப்பு வரப்போறதா அறிவிச்சாங்க. வரவே இல்லை. ஆனா, கதை மேல ஆசை வெச்ச சில ரசிகர்கள் பைசா வாங்காம உட்கார்ந்தாங்க. மொழிபெயர்த்தா மட்டும் போதாது. ஜப்பானிய எழுத்துக்குன்னு செஞ்ச புரோகிராமைப் பிரிச்சு, வசனம் எங்கே ஒளிஞ்சிருக்குனு தேடி, நீளமான இங்கிலீஷ் வாக்கியத்தை அதே கட்டத்துக்குள்ள உட்கார வைக்கணும். கடைசியில 2009 ஆகஸ்ட்ல பிளேஸ்டேஷனுக்கான மொழிபெயர்ப்பு முடிஞ்சுது. சாட்டர்னுக்கு 2016. யோசிச்சுப் பாருங்க, கேம் வந்து 13 வருஷம், 20 வருஷம் கழிச்சு! கம்பெனி மறந்துட்ட வேலையை, யாருனே தெரியாதவங்க முடிச்சுக் கொடுத்தாங்க. இதே அகிஹபாராவைக் களமா வெச்சு 2009-ல வந்த 'ஸ்டைன்ஸ்;கேட்'டை முறையா மொழிபெயர்த்து வித்தாங்க, உலகமே கொண்டாடுச்சு. அந்த அதிர்ஷ்டம் எல்லா கதைக்கும் கிடைக்கறதில்லை. இந்த மாடிகள்ல இருக்கிற பெரும்பாலான பெட்டிகளுக்கு அப்படி ஒரு ரசிகர் கூட்டமும் கிடையாது. பேட்டரியும் லென்ஸும் போறதுக்குள்ள யாராவது படிச்சாத்தான் உண்டு.

நம்ம காலேஜ்கள்ல இப்போ ஜப்பானிய மொழி கத்துக்கறவங்க கொஞ்சம் பேர் இல்லை. எல்லாம் பிளேஸ்மென்ட்டுக்கு. நல்லதுதான், வேலை வேணும்ல! ஜே.எல்.பி.டி. தேர்வை சென்னையிலேயே எழுதலாம். ஆனா, சம்பளத்துக்குக் கத்துக்கிற மொழியில ஒரு கதையையும் படிச்சுட்டா என்ன குறைஞ்சுடப் போகுது? நான் எழுத்துல ஆரம்பிச்சிருக்கேன். ஹிரகானா 46, கட்டகானா 46. தமிழ்ல 247 எழுத்தை எழுதிப் பழகின கை பாஸ் இது, 46-க்குப் பயப்படலாமா? அப்புறம் 2,136 கான்ஜி இருக்கு... அதை அப்புறம் பார்த்துக்கலாம்.

நீங்க அகிஹபாரா போனா, ம-வரிசைக்கு ரெண்டு ஜாண் பின்னாடி கையை விடுங்க. அந்த ஆறெழுத்துப் பேரை எழுத்துக் கூட்டி, சத்தமாவே படிங்க. கடையில யாரும் திட்ட மாட்டாங்க!