பெண்ணைக் கரையில் ஒரு நாள்

திருவண்ணாமலையிலிருந்து தெற்கே சங்கராபுரம் செல்லும் வழியில், தென்பெண்ணையாற்றின் கரையில் இருக்கிறது மூங்கில்துறைப்பட்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டிய சிற்றூர். கூட்டுறவு சர்க்கரை ஆலையால் சுற்றுவட்டாரம் எங்கும் அறியப்பட்டது. கரும்பு அரவைக் காலத்தில் பாரம் ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் வரிசைகட்டி நிற்கும்; ஊருக்குள் நுழையும்போதே ஆலையின் இனித்த மணம் எதிர்கொள்ளும். யாத்திரிகர் பலருக்கு இது தேநீர் அருந்திவிட்டுக் கடந்துபோகும் ஊர்தான்.

மார்கழி மாதத்தில் ஒரு நாள், காஞ்சிபுரத்திலிருந்து மிதிவண்டியில் புறப்பட்ட அன்பர் ஒருவர் இங்கே வந்து சேர்ந்தார். வயது அறுபத்தாறு. துணைக்குத் தம்பி மகன். வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்தில் பரமபத வாசல் திறக்கும் வேளையில் அரங்கன் முன் நிற்க வேண்டும் என்பது அவருடைய பிரார்த்தனை. வழியில் அண்ணாமலையாரைத் தரிசித்துப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலமும் முடித்திருந்தார். மறுநாள் மிதிவண்டியில் ஏறியபோதுதான் வலது முழங்கால் முரண்டு பிடித்தது. மூங்கில்துறைப்பட்டை அடைவதற்குள் காலை ஊன்றவே முடியவில்லை.

"பெரியப்பா, நாளை ஒரு நாள் இங்கேயே தங்கிவிடலாம்" என்றான் பிள்ளை.

"நாளை முதல் மூன்று நாளும் மிதித்தால்தான் ஏகாதசிக்கு முதல் நாள் இரவில் அரங்கம் சேரலாம். ஒரு நாள் போனால் வாசல் திறப்பு போயிற்றே, அப்பா!" என்றார் அவர். சொல்லும்போதே குரல் தழுதழுத்தது.

வேறு வழியில்லை. தெரிந்தவர் ஒருவரின் உறவினர் வீட்டில் தங்கினார்கள்.

மறுநாள் காலை, பிள்ளை மிதிவண்டிகளைப் பழுது பார்க்கும் கடைக்குத் தள்ளிச் சென்றான். பெரியவரும் மெல்ல நடந்து உடன் போனார். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்ட கடைக்காரர், பெரியவரை வண்டியில் ஏறி அமரச் சொல்லிச் சற்று நேரம் பார்த்தார்.

"ஐயா, சீட்டு மிகவும் தாழ்ந்திருக்கிறது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நீண்டு நிற்க வேண்டும். உங்களுக்கு மடங்கியே நிற்கிறது. இப்படியே நூறு மைல் மிதித்தால் முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்?"

நிறுத்தும்போது கால் தரையில் எட்ட வேண்டும் என்று காஞ்சியிலேயே சீட்டைத் தாழ்த்தியவர் அவர்தான். கடைக்காரர் இரண்டு விரல் உயர்த்தி முடுக்கினார். நிற்க நேர்ந்திராவிட்டால் அந்தக் குறை தெரிந்தே இராது.

மாலையில் இருவரும் ஆற்றங்கரைக்குச் சென்றார்கள். தை ஐந்தாம் நாள் ஆற்றுத்திருவிழாவில் பெண்ணையில் நீராடுவது புண்ணியம் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் இந்த ஆற்றை, மேற்கே சாத்தனூரில் 1958-இல் கட்டி முடித்த அணை தேக்கி வைக்கிறது. அங்கே தங்கிச் செல்வதால்தான் மழையில்லாத மாதங்களிலும் வயலுக்கு நீர் கிடைக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது, அணை கொள்ளாமல் நொடிக்கு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடி திறந்துவிடப்பட்டது. கரையோர ஊர்கள் பட்ட துயரம் சொல்லி மாளாது. தங்கி வரும் நீர் வாழ வைக்கிறது. தங்க இடமின்றி ஓடி வந்த நீரோ அழித்துவிட்டது.

இரவில் அந்த வீட்டு மூதாட்டி, பெரியவரின் முகவாட்டத்தைக் கண்டு கேட்டார்: "இந்தத் தண்ணீர் அடுத்து எங்கே போகிறது, தெரியுமா ஐயா?"

"திருக்கோவலூருக்கு."

"அங்கே ஆழ்வார்கள் மூவரும் பெருமாளை எங்கே கண்டார்கள்? சந்நிதியிலா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. அவருக்கு அந்த வரலாறு தெரியும். பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஊர் ஊராகத் திரிந்தவர்கள். ஒரு மழையிரவில் மிருகண்டு முனிவரின் குடில் இடைகழியில் ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே அந்த இடம். அங்கே நான்காமவனாக வந்து நெருக்கினான் உலகளந்த பெருமாள். அந்த நெருக்கத்திலிருந்து பிறந்தவையே நூறு நூறு பாசுரங்கள் கொண்ட முதல் மூன்று திருவந்தாதிகள்.

"மழைக்கு ஒதுங்கிய இடத்துக்கே வந்தவன், கால் வலித்துத் தங்கிய இடத்துக்கு வரமாட்டானா? ஏகாதசி இராப்பத்தின் முதல் நாள்தானே ஐயா. அடுத்து வரும் நாட்களிலும் அந்த வாசல் திறக்கிறதே!" என்றார் மூதாட்டி.

அன்றிரவு பெரியவர் நன்றாக உறங்கினார். விடிந்ததும் கால் ஊன்ற வந்தது. சங்கராபுரம், கள்ளக்குறிச்சி வழியாக அவசரமின்றி மிதித்து, ஏகாதசியன்று இரவு திருவரங்கம் சேர்ந்தார்கள். மறுநாள், இராப்பத்தின் இரண்டாம் நாள், நம்பெருமாளின் பின்னே பரமபத வாசலைக் கடந்தார்கள்.

யாத்திரை எத்தனை நாள் என்று கேட்பவர்களிடம், மூங்கில்துறைப்பட்டில் மிதிக்காமல் இருந்த அந்த நாளையும் சேர்த்தே அவர் கணக்குச் சொல்கிறார்.