சுவாமி ஏன் கடித்தான்?

பெங்களூரில் இங்கிலீஷ் பேசப் பழகப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. பஸ்ஸிலும் மெட்ரோவிலும் நின்றாலே காதில் விழுந்து நாக்கில் ஒட்டிக்கொள்ளும். போதாததற்குத் தெருவுக்குத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு. பிறகு பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் பீரியட் எதற்கு? மார்க்குக்கு என்போம். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டாம் மொழியான இங்கிலீஷுக்கு 100.

அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கன்னட மீடியம். அவளுடைய இங்கிலீஷ் புத்தகத்தில் முதல் பாடமே ஆர்.கே. நாராயணின் 'எ ஹீரோ'. இரவில் ஆபீஸ் ரூமில் தனியாகப் படுக்க முடியுமா என்று சுவாமியை அப்பா சீண்டுகிறார். பையன் நடுங்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கிறான். இருட்டில் ஏதோ நகர்கிறது. பேய்தான் வந்துவிட்டது என்று எட்டிப் பிடித்துக் கடிக்கிறான். பார்த்தால், கன்னம் வைக்க வந்த திருடன்! ஊரே மெச்சுகிறது.

கைடில் 'சுவாமி தைரியசாலி' என்று போட்டிருந்தது. "அங்கிள், பயத்துலதானே கடிச்சான்? அப்புறம் எப்படி ஹீரோ?" என்றாள் அவள். அவளுடைய டீச்சர் ஒரு பீரியட் முழுக்க இதையே கேட்டு வகுப்பைச் சண்டை போட வைத்திருக்கிறார். பாடத்தை முடிக்கவில்லை என்று மேலே திட்டு வாங்கியிருப்பார், பாவம். ஆனால் தலைப்பு சொல்வதும் கதை காட்டுவதும் ஒன்றல்ல, எழுதியவர் நமட்டுச் சிரிப்போடு நிற்கிறார் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்களே, அதைத் தெரு சொல்லித் தராது. இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை, நாளைக்கு 'லேக் வியூ' என்று அபார்ட்மென்ட் விளம்பரம் வந்தால் ஏரி எங்கே என்று கேட்கும். பெங்களூரில் அவசியமான கேள்வி!

வேடிக்கை என்னவென்றால், கல்லூரியில் சேர்வதற்கான பரீட்சையில் இங்கிலீஷில் தோற்றவர் இந்த நாராயண். புரசைவாக்கத்தில் பிறந்த நம்மவர்தான். அப்பா மைசூரில் ஹெட்மாஸ்டர். தோற்ற கையோடு வீட்டில் உட்கார்ந்து இஷ்டத்துக்கு வாசித்துத் தள்ளினார். 1930இல் பெங்களூரில் பாட்டி வீட்டில், பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில் புது நோட்டைத் திறந்தார். அவருடைய கற்பனை ஊரான மால்குடி, ரயில்வே ஸ்டேஷனோடு கண்முன் வந்து நின்றது. அந்த நாவல் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' 1935இல் லண்டனில் அச்சேறியது. பிறகு மாநிலங்களவைக்குப் போனபோதும், 1989இல் அவர் எழுந்து பேசியது பிள்ளைகள் முதுகொடியச் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றித்தான். அவரையே அந்தப் பைக்குள் பாடமாக வைத்து, கைடும் போட்டு விற்கிறோம்.

பரீட்சையில் என்ன எழுதப் போகிறாய் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். "பயந்தான், கடிச்சான், திருடன் மாட்டினான். தைரியம்னு சொன்னது மத்தவங்க. அப்படித்தான் எழுதுவேன்." இங்கிலீஷில் எழுதிக் காட்டினாள். இரண்டு இடத்தில் இலக்கணம் இடறியது. இந்த விடைக்கு மார்க் போடுகிற ஆள் கையில் பேப்பர் சிக்க வேண்டுமே என்று அவள் அம்மாவுக்குக் கவலை. கைடு விடையையும் மனப்பாடம் பண்ணி வைக்கச் சொல்லியிருக்கிறார்.