ஓடுபவனும் எறிபவனும்

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்கும் ஆட்டத்தில் உதைக்கு வேலை குறைவு. நாம் அறிந்த றகர் ஆட்டத்துக்கு உறவுடையது அது. நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரம் முன்னேறுதல் வேண்டும். இன்றேல் பந்து எதிரணிக்குரியதாகிவிடும். முன்னேற வழி இரண்டு. ஒருவன் பந்தை அணைத்தவாறு எதிரிகளின் நடுவே முட்டிமோதி ஓடலாம். அல்லது தலைமை ஆட்டக்காரன் அதனைத் தொலைவில் நிற்கும் தோழனுக்கு எறியலாம். ஓட்டம் மூன்று நான்கு யார் தரும். எறிதல் ஒரே வீச்சில் முப்பதும் தரக்கூடும். ஆதலின் ஓட்டம் சற்றே தடைப்பட்டதும் அதனைக் கைவிடும் ஆசை எழுகின்றது. அவ்வாசைக்கு அணிகள் எளிதில் இணங்கிவிடுகின்றனவா என்பதே நமது வினா.

2017 பெப்ரவரி 5ஆம் நாள் நிகழ்ந்த சுப்பர் போல் இறுதியாட்டத்தில், அற்லாண்டா அணி மூன்றாங் கால்பகுதியில் 28–3 என முன்னின்றது. அன்று அவ்வணி ஓடியது 18 முறை. ஈட்டியது 104 யார். ஓட்டமொன்றுக்கு ஏறக்குறைய ஆறு யார் தந்த முறையைப் பயனற்றதென எவர் கூறுவர்? ஆயினும் இறுதிக் கால்பகுதியில், ஒரு யாரே தேவைப்பட்ட மூன்றாம் முயற்சியிலும் எறிய முனைந்தனர், பந்து பறிபோயிற்று. பின்னர் 28–20 என்ற நிலையில், ஐந்து நிமிடத்திலும் குறைவாக எஞ்சியிருக்க, எதிரணியின் 22 யார் கோட்டை எய்தினர். அங்கிருந்து பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து மூன்று புள்ளி பெறுதல் அருஞ்செயலன்று. ஓர் ஓட்டம் ஓடினர். ஒரு யார் நட்டம். உடனே எறிதலுக்குத் தாவினர். எறிபவன் வீழ்த்தப்பட்டதால் 12 யாரும், முறைகேடான தடுப்பினால் 10 யாரும் இழந்து, உதைக்கும் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டனர். நியூ இங்கிலாந்து அணி சமன்செய்து, மேலதிக நேரத்தில் 34–28 என வென்றது.

இவ்வாட்டத்தின் ஒளிப்பதிவைப் பார்த்த உயர்தர வகுப்பு மாணவனொருவன் நம்மிடம் வாதிட்டான்: “முன்னணியில் நிற்கிற அணிதான் கூட ஓடும், சேர். ஓடியபடியால் முன்னணிக்கு வந்தது என்று எப்படிச் சொல்லலாம்?” நியாயமான தடையே. காரியத்தைக் காரணமென மயங்கலாகாது. சராசரிக் கணக்கில் எறிதலே கூடிய தூரம் தருகின்றது என்பதும் மெய்.

ஆனால் முன்னணியில் நின்ற இரு அணிகளையே ஒப்பிடுவோம். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் இறுதியாட்டத்தில் பிலடெல்பியா அணி இடைவேளையில் கன்சாஸ் சிற்றி அணியை 24–0 என விஞ்சி நின்றது. அப்பருவத்தில் 2,005 யார் ஓடிய சேக்குவன் பார்க்லி, அன்று 25 ஓட்டங்களில் 57 யாரே பெற்றார். அற்பப் பலன்தான். ஆயினும் அணி ஓட்டத்தைக் கைவிடவில்லை. மொத்தம் 45 முறை ஓடியது. 40–22 என வென்றது.

இதன் உட்பொருள் யாது? ஓட்டத்தின் பயன் தூரம் மட்டுமன்று. ஓடுபவன் எல்லைக்குள் வீழ்ந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். எறிந்த பந்து பிடிபடாது வீழ்ந்தால் அது நின்றுவிடும். கடிகாரம் ஓடும் வேளையில், வெளியே அமர்ந்திருக்கும் தற்காப்பாளர் மூச்சு வாங்குகின்றனர். 2017 இறுதியாட்டத்தில் அற்லாண்டாவின் தாக்குதலாளர் ஆடியது 46 முறை. அதன் தற்காப்பாளரோ 93 முறை எதிர்நின்றனர். ஓட்டத்தைக் கைவிட்டோரின் அவசரத்துக்குத் தம் உடலால் விலை கொடுத்தோர் அத்தற்காப்பாளரே.

கணக்கேட்டில் இவ்வுழைப்புக்கு மதிப்புக் குறைவு. 2023இல் அணிகள் தம் வீரரை ஓராண்டு தடுத்து நிறுத்துதற்கு விதிக்கப்பட்ட ஊதியம், எறியும் தலைவனுக்கு 32 மில்லியன் டொலருக்கு மேல். ஓட்டக்காரனுக்கு 10 மில்லியன் அளவே. அவ்வாண்டு பார்க்லிக்கும் நீண்டகால ஒப்பந்தம் கிட்டவில்லை. இவரை ஏழைத் தொழிலாளராகக் காட்டுவது நமது நோக்கமன்று. ஆயினும் முட்டிமோதுபவன் மலிந்தவனாகவும், தொலைவில் எறிபவன் நாயகனாகவும் கணிக்கப்படும் வழக்கம் ஆடுகளத்தோடு நின்றுவிடுவதில்லை.

பின்தங்கி நின்று, நேரமும் அருகியபோது ஓட்டத்தைக் கைவிடுதல் அறிவுடைமை. ஒரு யார் நட்டத்துக்கு அஞ்சிக் கைவிடுதல் அறிவன்று. மெல்லப் பயன்தரும் முறையொன்றைத் துறக்குமுன், அது நமக்கு எவ்வளவு தந்தது என்பதோடு, யாருடைய சுமையைத் தாங்கியது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.