கை மாறிய பெட்டியும் விற்ற வீணையும்

பொருள்களுக்கும் குலவரிசை உண்டு என்பதை நாம் எழுபது வயதுக்குப் பிறகுதான் உணர்ந்தோம். உணர்த்தியது ஏட்டுச்சுவடியன்று, செப்பேடுமன்று. கிதாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஒரு மின்பெட்டி.

2023 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நம் மகன் இல்லத்தில் ஆறு திங்கள் தங்கியிருந்தோம். பகலில் அவன் பொறியாளன். மாலையில் பழைய ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து பழுது பார்ப்பவன். வால்வுகள் கனன்று எரியும் அப்பெட்டிகளைக் கண்டு, “பம்பாயில் நம் வீட்டு ரேடியோவை நீதானே பிரித்துப் போட்டாய்!” என்று முதலில் நகைத்தோம். பிறகு அவன் சொன்ன செய்திகளைக் கேட்டு வியந்தோம்.

தொழிற்சாலைகள் இத்தகைய பெட்டிகளை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளுகின்றன. ஆனால், சிறு பட்டறையில் அமர்ந்து ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே செய்து முடித்த கைவினைஞர் சிலர் உண்டு. அலெக்சாண்டர் டம்பிள் என்பார் அவர்களுள் தலையாயவர். வாங்க வருபவரின் வாசிப்பைக் கேட்டறிந்து, அவர் விரலுக்கேற்ப ஒலியை அமைத்துத் தருவது அவர் வழக்கம். உள்ளிருக்கும் சுற்றைப் பிறர் பார்த்துச் செய்துவிடாதபடி எப்பாக்ஸிப் பிசினால் மூடியும் வைத்தார். 2022 சனவரியில் அவர் மறையும்வரை செய்தவை சற்றேறக்குறைய 300 தாம் என்பர். இன்று அவற்றுள் ஒன்றன் விலை ஒரு லட்சம் டாலரையும் தாண்டுகிறது. நியூஜெர்சியில் வாழ்ந்து 2006 இல் மறைந்த கென் ஃபிஷர் என்பாரோ, தாம் செய்த ‘ட்ரெயின்ரெக்’ பெட்டிகளுக்கு வரிசை எண் இடாமல் பெண்களின் பெயர்களைச் சூட்டினார். நம் ஊரில் பசுவுக்குப் பெயர் வைப்பதில்லையா? அதுபோலத்தான்.

இவ்வளவு விலை பெறும் பொருளுக்குப் போலி தோன்றும், திருட்டும் நேரும். ஆகவே, செய்தவர் கையிலிருந்து இன்றைய உடைமையாளர் கைவரை ஒரு கண்ணியும் அறாமல் சங்கிலியைக் காட்ட வேண்டியிருக்கிறது. இசைத்தட்டில் ஒலித்தது ஒன்றே சான்றாகாது. 1982 இல் ஸ்டீவி ரே வாகன் தம் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தபோது வாசித்த டம்பிள் பெட்டி, அந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் உரிமையாளரான ஜாக்சன் பிரவுனுடையது. ஒலித்தது ஒருவர் இசையில், உடைமை மற்றொருவருக்கு.

நாம் அங்கிருந்த நாள்களில் மூதாட்டி ஒருவர் தம் மறைந்த கணவரின் பெட்டியொன்றை மகனிடம் கொண்டுவந்தார். செய்தவர் பெயர் இங்கு வேண்டாம். 1981 இல் செய்யப்பட்டதென்றும், 1985 இல் தம் கணவர் ஓர் இசைத் தோழரிடமிருந்து பெற்றதென்றும் சொன்னார். வாங்க முன்வந்தவரோ சான்று கேட்டார்.

மகன் பெட்டியைத் திறந்தான். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் அடியில் பொட்டென்ஷியோமீட்டர் என்னும் சிறு உறுப்பு உண்டு. அதன் முதுகில் பொறித்த எண்ணே ஒரு சாதகக் குறிப்பு. 1378022 என்றிருந்தால், 137 என்பது செய்த நிறுவனத்தையும், 80 ஆண்டையும், 22 அவ்வாண்டின் வாரத்தையும் குறிக்கும். உறுப்புப் பிறக்குமுன் பெட்டி பிறந்திருக்க முடியாதன்றோ? ஒன்று நீங்கலாக எல்லாம் 1980 ஐக் காட்டின. அந்த ஒன்று மட்டும் 1986 என்றது. மூதாட்டியின் முகம் வாடிற்று. கணவர் பொய் சொன்னாரோ என்னும் ஐயம் அதில் தெரிந்தது. மகன் விளக்கைத் தாழ்த்திப் பற்றவைப்பை நோக்கினான். அந்த ஓர் இடத்தில் மட்டும் ஈயம் வேறாக மின்னியது. பின்னாளில் மாற்றிய உறுப்பு அது. தேடியதில் 1987 ஆம் ஆண்டின் பழுதுபார்த்த ரசீதும் கணவர் பெயரிலேயே கிடைத்தது.

எஞ்சியது அந்த இசைத் தோழர் என்னும் கண்ணி. அவரும் மறைந்துவிட்டார். அவர் மகளுக்குக் கடிதம் எழுதினோம். மேடைப் படமொன்று வந்தது. பெட்டியின் வலது மூலையில் அதே பிறை வடிவக் கீறல்! உடன் ஒரு வரியும் வந்தது: “தந்தை இதை விற்றதாகச் சொன்னதில்லை, நண்பரிடம் கொடுத்து வைத்ததாகவே சொல்வார்.”

விற்றதா, இரவலா? சொல்ல வேண்டிய இருவரும் இல்லை. தாளும் இல்லை. மூதாட்டி இரண்டு நாள் யோசித்தார். பின் அந்தப் பெண்ணை வரவழைத்து உணவு படைத்தார். விற்ற பணத்தைச் சரிபாதியாகப் பகிர்வதென இருவரும் இசைந்தனர். மகன் எழுதிய வரலாற்றுத் தாளில் இரண்டு கூற்றுகளும் இடம்பெற்றன.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

1974 இல் தந்தையார் மறைந்து, தஞ்சை வீட்டைக் காலி செய்து பம்பாய்க்குப் புறப்பட்டபோது, அக்காவின் வீணையைக் கும்பகோணத்து வணிகர் ஒருவரிடம் 400 ரூபாய்க்கு விற்றோம். மாதுங்காவில் ஓர் அறைக்கு முன்பணம் ஆயிற்று அத்தொகை. புகுந்த வீட்டிலிருந்த அக்காவிடம், “பத்திரமாகக் கொடுத்து வைத்திருக்கிறோம்” என்றோம். ஐம்பது ஆண்டுக்காலம் அச்சொல்லை நாம் திருத்தவில்லை. கடல் கடந்த ஊரில், முன்பின் அறியாத ஒருவர் ‘கொடுத்து வைத்தது’ என்னும் சொல்லுக்குப் பாதிப் பணத்தைத் தந்துவிட்டார். நாமோ அதே சொல்லைப் பொய்யாக்கி வாழ்ந்திருக்கிறோம்.

மறுநாள் திருச்சியிலிருக்கும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னோம். எண்பத்து நான்கு வயதுக் குரல் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு அப்பவே தெரியும், தம்பி. நீயா சொல்லணும்னு இருந்தேன். இப்ப அதை யார் வாசிக்கிறாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லு” என்றது.

கும்பகோணத்துக் கடை இப்போது இல்லை. ஆதலின் இம்மலரைப் படிக்கும் அன்பர்களிடமே கேட்கிறோம். ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை அது. யாளி முகத்தின் இடச்செவி சிறிது உடைந்திருக்கும். மெழுகில் பதித்த 24 மெட்டுகளும் இதற்குள் எத்தனையோ முறை மாற்றப்பட்டிருக்கும், செவி மாறியிராது. தங்கள் இல்லத்தில் அது இருந்தால் திருப்பித் தர வேண்டா. வாசிக்கும் குழந்தையின் பெயரை மட்டும் சங்கத்துக்கு எழுதுங்கள். அக்காவிடம் சொல்ல வேண்டும்.