பத்துக் கோல்கள்

கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் முதற்கண் வினவுவது, "எத்தனை கோல்?" என்பதே. ஆடியவர் யாவர், எம்மண்ணில் ஆடினர், எவ்விதியின்கீழ் ஆடினர் என்பன பின்னரே கேட்கப்படும். பல வேளைகளிற் கேட்கப்படாமலே போகும். தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இது வியப்பைத் தருகின்றது. ஒரு பழஞ்செய்யுளைக் கையிலெடுத்தால் திணை யாது, துறை யாது, கூற்று யாருடையது என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே பொருள் கொள்கின்றோம். ஆட்டத்தின் எண்ணிக்கைக்கோ, முன்னும் பின்னும் நோக்காது பொருள் கொண்டுவிடுகின்றோம்.

நம் நாட்டு அணியின் ஒலிம்பிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1948, 1952, 1956, 1960 ஆகிய நான்கு விழாக்களில் இந்திய அணி 8 ஆட்டங்கள் ஆடிற்று. அடித்த கோல்கள் 10, வாங்கியவை 27. அதன் பின்னர் இன்றுவரை அவ்விழாவின் கால்பந்துக் களத்தில் நமக்கு இடம் கிட்டவில்லை. இவ்வெண்களை மட்டும் காண்போர், "வலியற்ற அணி" என்று கூறி ஏட்டை மூடிவிடுவர். நாம் மூடாது சற்றே உள்ளே செல்வோம்.

கதை அதற்கு முன்னரே தொடங்குகின்றது. 1911 ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில், மோகன் பகான் அணியினர் கிழக்கு யார்க்‌ஷயர் படையினரை 2-1 என்ற கணக்கில் வென்று கேடயத்தைக் கைப்பற்றினர். வென்றோருட் பதின்மர் வெறுங்காலினர். பூட்ஸ் அணிந்து ஆடியவர் சுதீர் சட்டர்ஜி ஒருவரே. அவர் மிஷன் கல்லூரி ஆசிரியர், பின்னாளிற் குருப்பட்டம் பெற்றவர். வெறுங்காலே நம் ஆட்டத்தின் அழகும் பெருமையும் என்னும் எண்ணம் அன்று வேரூன்றிற்று.

1948இல் இலண்டனில் பிரான்சை எதிர்த்தபோதும் நம்மவருட் பலர் வெறுங்காலுடனேயே ஆடினர். இரண்டு பெனால்டி உதைகள் வீணாயின. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். 2-1 எனத் தோற்றோம். 1951இல் தில்லியில் நிகழ்ந்த முதல் ஆசிய விளையாட்டு விழாவில் ஈரானை 1-0 என வென்று பொற்பதக்கம் பெற்றோம். மறு ஆண்டே ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியர் நம்மை 10-1 என முறியடித்தனர். நான்கு விழாக்களில் நாம் அடித்த கோல்கள் எத்தனையோ, அத்தனையையும் அவர்கள் ஒரே ஆட்டத்தில் அடித்துவிட்டனர்! அத்தோல்விக்குப் பின்னரே பூட்ஸ் அணிதல் நம் நாட்டிற் கட்டாயமாயிற்று. 1956இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியரை அவர்தம் மண்ணிலேயே 4-2 என வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல்களும் கிட்டு என்னும் கிருஷ்ணசாமி ஒரு கோலும் அடித்தனர். அவ்விழாவில் நமக்கு நான்காமிடம் வாய்த்தது. காலும் களமும் அறியாதார்க்கு, நான்காண்டில் நேர்ந்த இம்மாற்றம் வெறும் புதிராகவே தோன்றும்.

விதியும் இத்தகையதே. ஆப்சைடு விதியில், தாக்குவோனுக்கும் எல்லைக்கோட்டிற்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும் என்றிருந்ததை, இருவர் இருந்தாற் போதும் என 1925இல் திருத்தினர். இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் ஓராண்டில் 4,700 ஆக இருந்த கோல்கள் மறு ஆண்டில் 6,373 ஆயின. வீரர் ஓராண்டில் அத்துணைத் திறம் பெற்றுவிட்டனர் என்று கூறுதல் பொருந்துமோ?

இனி, அப்பத்துக் கோல்களுள் இறுதியானதைக் காண்போம். 1960இல் ரோம் நகரில் பெரு நாட்டிற்கு எதிராக விழுந்தது அது. அதனை அடித்தவர் தமிழ்நாட்டு வீரராகிய சைமன் சுந்தரராஜ் என்பர் பலர். 1973இல் கேரள அணி முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளராய் இருந்தவரும் அவரே. ஆயினும் சில பட்டியல்கள் அக்கோலைத் துளசிதாஸ் பலராம் பெயரில் எழுதியுள்ளன. இயற்பெயர் மறைந்து, தம் உவமையாற் பெயர் பெற்ற செம்புலப்பெயனீராரை நாம் அறிவோம். அவர் வாழ்ந்தது அச்சில்லாக் காலம். அச்சும் வானொலியும் வந்த பின்னரும் ஒரு கோலுக்குப் பாடபேதம் உண்டாயிற்று. எண் நிலைத்தது, ஆளைப் பற்றியே ஐயம்.

இப்பொருளில் எனக்குச் சொந்த வழக்கொன்றும் உண்டு. என் ஊர் ஏர்வாடி. தர்காவைச் சூழ்ந்து கடை வைத்திருப்போர் பிள்ளைகளும், மீனவர் பிள்ளைகளும், யானும் மன்னார் வளைகுடாக் கரையில், மணலில் நட்ட பனைமட்டைகளே கோல்கம்பங்களாக, வெறுங்காலோடு ஆடி வளர்ந்தோம். எங்களுள் கோல் அடிப்பதில் முதல்வன் ஒரு மீனவர் மகன். அவனும் யானும் ஒருங்கே கல்லூரி புகுந்தோம். பாதணியின்றிக் களம் புகலாகாது என்பது இன்றைய விதி. பூட்ஸை அன்றுதான் முதன்முறை அணிந்த அவன், ஆண்டு முழுவதும் ஒரு கோலும் அடித்திலன். ஆயினும் நடுக்களத்தில் நின்று எதிரிகளின் பந்தைக் கவர்ந்து முன்னணியினர்க்கு ஈந்தான். அவ்வாண்டு விழுந்த கோல்களுட் பல அவன் காலிற் பிறந்தவை. தந்தையார் நோயுற்றமையால் ஆண்டிறுதியிற் படிப்பை விடுத்துப் படகேறினான். கணக்கேட்டில் அவன் பெயருக்கெதிரே சுழியொன்றே நிற்கின்றது. பிற்காலத்தில் அதனைப் புரட்டுவோர், "இவன் அணியில் எதற்காக இருந்தான்?" என்று வினவுவர். விடையிறுக்க அவனும் இரான், நாமும் இரோம்.

ஆதலின், விளையாட்டுச் செயலர்க்கு ஒரு வேண்டுகோள். கோல் அடித்தவர் பெயரோடு பந்தை ஈந்தவர் பெயரையும், தடுத்தவர் பெயரையும், களத்தின் நிலையையும் ஈரிரு வரிகளில் எழுதி வைப்பீராக. பழைய மாணவர்களும் தத்தம் காலத்து ஆட்டங்களை நினைவு மங்குமுன் எழுதி அனுப்புவார்களாக. சென்ற ஆண்டுக் கணக்கில் என் தோழனுக்குரிய வரிகளை யானே எழுதித் தருகின்றேன்.