கார்சிகாவும் நம் ஊரும்

தீவு என்றால் நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி என்று சிறு வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அந்த இலக்கணத்தில் 'நீர்' என்பதை எடுத்துவிட்டு 'வேறு மாநிலம்' என்று போட்டுப் பாருங்கள். நம் புதுச்சேரி ஒரு தீவுக் கூட்டமாகிவிடும்! மாகியைக் கேரளமும், ஏனாமை ஆந்திரமும், காரைக்காலைத் தமிழகமும் வளைத்து நிற்கின்றன. புதுச்சேரிப் பகுதியாவது ஒரே துண்டா என்றால் அதுவும் இல்லை. தவளக்குப்பத்திலிருந்து கடலூர்ச் சாலையில் சென்றால் முள்ளோடையில் நம் எல்லை முடிகிறது. மேற்கே திருக்கனூர்ப் பக்கம் பேருந்தில் போனாலோ தமிழகமும் புதுவையும் மாறிமாறி வருகின்றன.

உண்மையான தீவு ஒன்றின் பெயரை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருவில் இருந்த சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவித்து ஓய்வூதியம் வாங்கியவர். சில காலம் கார்சிகாவில் இருந்தவர். "கடலுக்கு நடுவுல நிக்கிற மலைடா அது. அங்க ஒருத்தன்கிட்ட நீ பிரெஞ்சுக்காரனான்னு கேட்டா முறைப்பான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் சொன்னது சரிதான். மத்தியதரைக் கடலில் உள்ள கார்சிகாவின் பரப்பு ஏறத்தாழ 8,700 சதுர கிலோமீட்டர். நம் புதுச்சேரிப் பகுதியைப் போல முப்பது மடங்கு. அதன் உயர்ந்த சிகரமான சிந்தோ 2,700 மீட்டருக்கும் மேல். பிரான்சைக் காட்டிலும் இத்தாலிதான் அதற்கு அருகில். அதன் மொழியும் இத்தாலியத்துக்கே நெருக்கம்.

பல நூற்றாண்டுகள் ஜெனோவாக் குடியரசின் பிடியில் இருந்த அந்தத் தீவு, 1755-இல் பாஸ்குவாலே பாவோலியின் தலைமையில் தனி அரசாகி அரசியல் சட்டமும் வகுத்துக்கொண்டது. மலை நடுவே கோர்த்தே நகரில் 1765-இல் ஒரு பல்கலைக்கழகமும் திறந்தார்கள். ஆனால் ஜெனோவாவோ, 1768-இல் வெர்சாய் உடன்படிக்கையின்படி தன் உரிமையைப் பதினைந்தாம் லூயி மன்னரிடம் ஒப்படைத்தது. பேச்சுக்கு அது அடகுதான், மீட்கத்தான் ஆளில்லை. தீவினர் எதிர்த்துப் போரிட்டு 1769 மே மாதம் தோற்றனர். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அந்த மண்ணில்தான் நெப்போலியன் பிறந்தான். மூடிய பல்கலைக்கழகம் மறுபடி திறக்க 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே லூயி மன்னர் காலத்தில்தான் 1761-இல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கை அதைத் திருப்பித் தந்தது. அங்கே ஒரு தீவு, இங்கே ஒரு துறைமுகம். கைமாற்றியவர்கள் எங்கோ மேசைமுன் அமர்ந்திருந்தவர்கள். குடியிருந்தவனை யார் கேட்டார்கள்?

கேட்கும் காலமும் வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தனர். இந்தியாவோடு இணைய 170 பேர், வேண்டாமென 8 பேர். கேட்டது பிரதிநிதிகளைத்தான். சந்திரநாகூரில் 1949-இல் மக்களிடமே நேராக வாக்குக் கேட்டிருந்தார்கள். முடிவு இங்கும் வேறாக இருந்திராது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஏர் பிடித்தவன் கையிலும் ஒரு சீட்டைக் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

கார்சிகாவில் 2003-இல் நேராகவே கேட்டார்கள்: இரண்டு மாவட்டங்களையும் ஒன்றாக்கி ஒரே நிர்வாகம் அமைக்கலாமா? ஏறத்தாழ 51 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். வேண்டாம் என்ற அந்த இணைப்பு 2018 ஜனவரியில் சட்டத்தின் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. கேட்பது ஒன்று, கேட்டபடி நடப்பது வேறொன்று போலும்!

நம் கையிலும் ஓர் எழுத்து இருக்கிறது. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்படைப்பு உடன்படிக்கை, இப்பகுதிகளின் தனி நிலையில் அரசியலமைப்பு முறையிலான மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்ய வேண்டும் என்கிறது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின் 1962 ஆகஸ்டு 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1979 ஜனவரியில் புதுவையைத் தமிழகத்தோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்பே மக்கள் தெருவில் இறங்கித் தங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டார்கள். பேச்சு அத்தோடு அடங்கியது. முழு மாநில நிலை வேண்டுமென்று நம் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டு தில்லிக்கு அனுப்பியிருக்கிறது. அவையும் விருப்பங்கள்தாம்.