சேவை நாழி வாங்கப் போகிறீர்களா?

மாமியார் காலமான பிறகு, கும்பகோணத்து வீட்டுப் பாத்திரங்களை நானும் ஓர்ப்படியும் பங்கு பிரித்துக்கொண்டோம். பரணில் இரண்டு சேவை நாழிகள் இருந்தன. இரண்டும் முக்காலி வைத்த, மேலே திருகு உள்ள பழைய காலத்து நாழிகள். ஒன்று கனத்த பித்தளை. புளி போட்டுத் தேய்த்ததும் தங்கமாய் மின்னியது. மற்றது கறுத்த இரும்பு. மூத்தவள் என்ற உரிமையில் பித்தளையை நான் எடுத்துக்கொண்டேன். ஓர்ப்படி லேசாகச் சிரித்தபடி இரும்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பெண் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, "அம்மா, வெல்ல சேவை பண்றியா?" என்று ஆசையாகக் கேட்டாள். நாழியின் காலை அவள் பிடித்துக்கொள்ள, நான் திருகினேன். பாதி வழியில் திருகு வழுக்கிக்கொண்டு சுற்றுகிறதே தவிர, கீழே இறங்கவில்லை. பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். நாழி சாய்ந்து, உள்ளே இருந்த சூடான இட்லி என் மணிக்கட்டில் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவள் நிறைமாதக்காரி. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால்? இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. (உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் கையைக் காட்டினேன். சுட்ட இடத்தில் மையும் மாவும் தடவாதீர்கள்.)

குத்துவிளக்குக்குப் பேர்போன நாச்சியார்கோயிலில் ஒரு பட்டறைக்கு நாழியை எடுத்துப் போனேன். "புரி தேஞ்சு போச்சும்மா. பித்தளை மெத்து, இரும்பு மாதிரி தாங்காது. ஆறின இட்லியைப் போட்டு அழுத்தியிருப்பாங்க, அதுதான்" என்றார் பெரியவர்.

ஆகவே சகோதரிகளே, பழைய நாழி வாங்கினால் பளபளப்பைப் பார்க்காதீர்கள். முதலில் வெறும் நாழியைத் திருகிப் பாருங்கள். ஆட்டமில்லாமல், ஒரே சீராக அடிவரை இறங்க வேண்டும். அழுத்தும் வில்லைக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மாவு மேலே பிதுங்கும். மூன்று காலும் தரையில் பதிய வேண்டும். பற்று வைத்து ஒட்டியதை மட்டும் தொடவே தொடாதீர்கள். பழைய பற்றில் காரீயம் இருக்கக்கூடும். குழந்தைகள் சாப்பிடும் பண்டத்துக்கு அது ஆகாது.

அரிசி, இட்லிக்குப் போடும் குண்டுப் புழுங்கலரிசி. எங்கள் பக்கத்தில் ஏ.டி.டி. 37, 1922-ல் தொடங்கிய நம் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம். 4 மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்புப் போட்டுப் புளிக்க விடாமல் இட்லியாக வார்த்துவிடுங்கள். நாழிக்குள் நல்லெண்ணெய் தடவி, ஒரு தடவைக்கு நாலு இட்லிதான். மற்றதெல்லாம் மூடிய பானையிலேயே இருக்கட்டும். ஆறினால் இறுகிவிடும், அப்புறம் மல்லுக்கட்ட வேண்டியதுதான். வேலை முடிந்ததும் பித்தளையைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள். எலுமிச்சை, புளி சேவையெல்லாம் பிழிந்த பிறகு வேறு பாத்திரத்தில் கலப்பதுதான் நல்லது.

பட்டறையில் இரும்பில் புதுத் திருகு கடைந்து போட்டுத் தந்தார்கள். பேரனின் புண்யாஹவாசனத்தன்று அந்த நாழியில்தான் சேவை. ஓர்ப்படியே வந்து திருகினாள். அன்றைக்கு ஏன் சிரித்தாய் என்று கேட்டேன்.

"அம்மா என்னிக்காவது அந்தப் பித்தளையைப் பரணை விட்டு இறக்கி நீங்க பாத்திருக்கேளா மன்னி?" என்றாள்.